பழைய குத்திக்காசு ஒரு ரின் நிறையக் கிடக்கு: முற்றத்து விற்பனையில எப்பிடி விக்கிறது?

பரந்தன்சந்தி, மே 4, இரவு 9.10

வீட்டை ஒதுக்கிக்கொண்டு கொழும்புப் பக்கம் போறம். போக முதல் மே 31 சனிக்கிழமை முற்றத்தில படங்கு விரிச்சு மிஞ்சின சாமான் எல்லாத்தையும் விக்கப்போறம். கதிரை, அலுமாரி, தையல் மெசின், தண்ணி மோட்டர். அப்பப்பா சேத்து வைச்ச பிஸ்கட் ரின் ஒண்டும் கிடக்கு, ஏறக்குறைய நாலு கிலோ குத்திக்காசு (நாணயம்). பழைய இரும்பு எடுக்கிறவர் பித்தளை விலைக்குக் கிலோக் கணக்கில கேக்கிறார். ராசா ராணி தலை போட்ட காசெல்லாம் லட்சக்கணக்கில போகும் எண்டு மச்சான் சொல்றான். எதைக் கேக்கிறது?

கனகராயன், மே 4, இரவு 11.40

தம்பி, இரண்டு பேரையும் கேக்காதேங்கோ.

ஒரு காசு சராசரி 4, 5 கிராம். நாலு கிலோ எண்டால் 800இலிருந்து 1000 காசு வரும். அதில பெரும்பங்கு 20 ரூபா, 50 ரூபாவுக்குச் சின்னப் பெடியள் வாங்கிற காசுதான். ஆனா இருபதோ முப்பதோ வெள்ளி அதுக்குள்ள கிடந்தால், ரின்னின்ர பெறுமதியில பாதி அதில இருக்கும். கிலோக் கணக்கில குடுத்தால் அந்தப் பாதி பித்தளையோட சேந்து தராசில ஏறிடும்.

முதல் வேலை காந்தம். உடைஞ்ச ஸ்பீக்கரில இருக்கிற காந்தம் காணும். ஒரு துணியில சுத்திப்போட்டுக் காசுக்கு மேலால கொண்டுபோங்கோ. ஒட்டுறது அநேகமாய் 2005க்குப் பிறகு வந்த முலாம் பூசின உருக்குக் காசு. அது சேகரிப்புக்கு இல்லை, சில்லறைக்கு. இதோட ரின் கணிசமாய்க் குறைஞ்சிடும்.

மிச்சத்தை நிறத்தால பிரியுங்கோ: செம்பு, மஞ்சள், வெள்ளை, பாரமில்லாத அலுமினியம். மஞ்சளிலயும் அலுமினியத்திலயும் மினக்கெட வேண்டாம். வெள்ளைதான் கவனம். அதில தலை இருக்கோ, அரச இலச்சினை இருக்கோ எண்டு பாருங்கோ. இலச்சினை போட்ட வெள்ளை 25 சதம், 50 சதம், 1 ரூபா எல்லாம் 1963இலிருந்து வந்த செப்பு நிக்கல், வெள்ளி இல்லை. விக்ரோறியா, எட்வேர்ட், ஜோர்ஜ் தலை போட்ட வெள்ளை 10, 25, 50 சதம் வெள்ளி. 1892இல தொடங்கினது. 25 சதம் 1926ஓட முடிஞ்சுது, 10 சதம் 1941 வரை, 50 சதம் 1942 வரை. 1943ஆம் ஆண்டு 50 சதம் பித்தளை, யுத்த காலத்துக் காசு. தலை ஒண்டுதான், ஆண்டு ஒண்டு தள்ளினால் உலோகம் மாறிடும்.

சதுர ஐஞ்சு சதத்தில ஏமாறாதேங்கோ. 1909இலிருந்து 1926 வரை வந்த வெள்ளைச் சதுரத்தில தலை இருக்கும், ஆனா வெள்ளி இல்லை, செப்பு நிக்கல்.

கனகராயன், மே 5, காலை 6.15

வெள்ளியை எப்பிடி விலை போடுறது எண்டதை ராத்திரி விட்டிட்டன். நகைக்கடைத் தராசு மாதிரி 0.01 கிராம் காட்டுற சின்னத் தராசு ஒண்டு இரவல் எடுங்கோ. தேயாத 50 சதம் 5.83 கிராம், 25 சதம் 2.92, 10 சதம் 1.17. 1917 வரை வந்ததில ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி, 1919இலிருந்து வந்ததில 550 பங்கு. அப்ப பழைய 50 சதத்தில 4.66 கிராம் தனி வெள்ளி, பிந்தினதில 3.2 கிராம். அண்டைய வெள்ளி விலையால பெருக்கினால் அதுதான் அடிவிலை. அதுக்குக் கீழ ஒருத்தருக்கும் குடுக்க வேண்டாம். தேஞ்ச காசெண்டால் தராசு காட்டுற நிறையை வைச்சுப் பெருக்குங்கோ, நான் எழுதினதை வைச்சில்லை.

1957 புத்த ஜயந்திக் காசு இருந்தால் இரண்டு விதம்: 1 ரூபா செப்பு நிக்கல், 5 ரூபா 28.28 கிராம் நல்ல வெள்ளி (925). ஐஞ்சு ரூபா உள்ளங்கையில வைச்சாலே பாரம் தெரியும். அது கிடந்தால் முற்றத்தில வைக்கவே வேண்டாம். ஆறுதலாய் நாலு பேரிட்டக் கேட்டு விக்கிற சாமான் அது.

பரந்தன்சந்தி, மே 5, இரவு 8.30

கோடி நன்றி அண்ணை. பிரிச்சிட்டம். தலை போட்ட வெள்ளை 23 கிடக்கு. செம்பில கொஞ்சம் கறுத்துப்போய்க் கிடக்கு, அம்மா புளி போட்டு மினுக்கட்டோ எண்டு கேக்கிறா.

முள்ளியவளை, மே 5, இரவு 8.42

அம்மாவைத் தடுங்கோ, இப்பவே!

முள்ளியவளை, மே 5, இரவு 9.20

காரணத்தையும் சொல்றன். செம்பு கறுக்கிறது ஊத்தை இல்லை, உலோகத்தின்ர மேல்தோல். புளியும் தேசிக்காயும் சாம்பலும் அந்தத் தோலை உரிச்சுப்போடும். உரிச்ச செம்பு றோசாப்பூ நிறத்தில மினுங்கும். குத்துவிளக்குக்கு அது வடிவு. காசில அந்த நிறத்தைச் சேகரிக்கிற ஆள் எட்டடியில கண்டு, எடுக்காமலே போயிடுவார். இரண்டு கிழமையில கையடையாளம் பதிஞ்சு, முந்தினதிலும் கேவலமாய்த் திட்டுத்திட்டாய்க் கறுக்கும். பித்தளை மினுக்கிற பிறாசோ போடுறது இன்னும் மோசம், மயிரிழைக் கீறல் விழும், அது மாறாது.

செய்யக்கூடியது ஒண்டுதான். மண் ஒட்டிக் கிடந்தால் தண்ணியில இரண்டு சொட்டுச் சவர்க்காரத் தண்ணி விட்டு அரை மணித்தியாலம் ஊறவையுங்கோ. தேய்க்காமல் அலசி, பழைய பருத்திச் சீலையில ஒத்தி எடுத்து நிழலில காய விடுங்கோ. எங்கட பக்கக் கிணத்துத் தண்ணி கல்லுத்தண்ணி, காய்ஞ்சால் வெள்ளைப் படலம் விடும். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணி, இல்லாட்டி பற்றரிக்கு விடுற வடிச்ச தண்ணி பாவியுங்கோ. பற்றரி அசிட்டை இல்லை, தண்ணியை! கடையில இரண்டும் ஒரே தட்டில இருக்கும், லேபலைப் பாத்து வாங்குங்கோ.

பச்சையில இரண்டு வகை. கடும்பச்சையாய், வழுவழுப்பாய், காசோட ஒட்டிக் கிடந்தால் அது கூடாத சாமான் இல்லை, விடுங்கோ. வெளிர்பச்சை மாவாய், நகத்தால தொட உதிர்ந்தால் அது அரிக்கிற களிம்பு, ஈரத்தில பரவும். அதுகளை வேற போத்தலில போட்டு மற்றக் காசிலிருந்து தள்ளி வையுங்கோ, விக்கவும் வேண்டாம்.

பரந்தன்சந்தி, மே 6, காலை 7.05

ரின்னுக்கு அடியில ஒரு கட்டி கிடக்கு அக்கா, பத்துப் பதினைஞ்சு காசு ஒட்டிப்போய். ரின் கொஞ்சக் காலம் நிலத்துக்குக் கீழ இருந்தது.

முள்ளியவளை, மே 6, காலை 10.30

வன்னியில இப்பிடிக் கட்டி இல்லாத ரின் அருமை. சுத்தியலால தட்டாதேங்கோ, ஸ்குறூ றைவரும் விடாதேங்கோ. வடிச்ச தண்ணியில மூழ்க வைச்சு, இரண்டு நாளைக்கு ஒருக்கால் தண்ணியை மாத்துங்கோ. தண்ணி நிறம் மாறுறது நிண்ட பிறகு மரக்குச்சியால மெல்ல நெம்பிப் பாருங்கோ. 31ஆம் திகதிக்குள்ள பிரியாட்டி அப்பிடியே விடுங்கோ, அவசரப்பட்டால் காசின்ர முகம் போயிடும்.

ஓட்டைக்காலணா, மே 6, இரவு 10.00

இரண்டு விசயம் சேர்க்க வேணும். காந்தத்தில ஒட்டினதை எல்லாம் சில்லறைக்குள்ள போடாதேங்கோ, இந்தியக் காசு கலந்திருந்தால் பாத்து எடுங்கோ. 1947 இந்திய ரூபா தனி நிக்கல், ஜோர்ஜ் தலையோட இருக்கும், காந்தத்தில பட்டெண்டு ஒட்டும். அதே தலையோட 1940இலிருந்து 1945 வரை வந்த ரூபா அரைவாசி வெள்ளி, ஒட்டாது. நிறை 11.66 கிராம். விக்ரோறியா ரூபா எண்டு ஒண்டு கிடந்து அது காந்தத்தில ஒட்டினாலோ, நிறை 10 கிராமுக்குக் கீழ வந்தாலோ, கோயில் வாசலில வித்த போலி.

மற்றது, இராமர் பட்டாபிஷேகம், அனுமார் போட்ட செப்புக் காசு. “கிழக்கிந்தியக் கம்பனி 1818” எண்டு அடிச்சிருக்கும். வன்னியில சாமித் தட்டுக்குத் தட்டு கிடக்கு. அது காசே இல்லை, பிற்காலத்தில அடிச்சு வித்த வில்லை. கம்பனிக்காரர் சாமி உருவம் போட்டுக் காசடிக்கேல்லை. 50 ரூபாவுக்குச் சாமிப்படம் மாதிரி விக்கலாம், பழங்காசு எண்டு சொல்லி விக்கக் கூடாது.

வவுனிக்குளம், மே 7, காலை 5.50

ஓட்டைக்காலணா சொன்னதில் ஒரு திருத்தம். இராமர் செப்பு வில்லை போலி என்பது சரி. ஆனால் கம்பனி சாமி உருவம் அடிக்கவே இல்லை என்று எழுதினால் அது பிழை. சென்னையில் 1808ஐ ஒட்டி அடித்த வெள்ளி அரை வராகனிலும் கால் வராகனிலும் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு. அப்படி ஒன்று கிடைத்தால் போலி என்று எண்ணி 50 ரூபாய்த் தட்டில் போட்டுவிடக் கூடாது. உலோகத்தைப் பாருங்கள்: பட்டாபிஷேகம் என்றால் வில்லை, வெள்ளியில் கோபுரம் என்றால் நிறுத்துங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்றை ஒருவரும் சொல்லவில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டத்தில் எல்லைத் திகதி 1815 மார்ச் 2. அதற்கு முந்தையது தொல்பொருள். உரியவர் இல்லாமல் நிலத்திலிருந்து வந்தால் அது அரசுக்குரியது. நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆகவே ஒல்லாந்தக் கம்பனியின் எழுத்துப் பின்னல் ஒரு பக்கமும் சிங்கக் கேடயம் மறுபக்கமும் உள்ள சிறிய செப்புத் துட்டு, இராசராசன் காசு, நந்தியும் ‘சேது’ என்ற எழுத்தும் உள்ள யாழ்ப்பாண அரசர் காசு, 1800களின் தொடக்கத்து யானைக் காசு ஆகியவற்றை மேசையில் வைக்கவே வேண்டாம். முற்றத்து விற்பனைக்கு வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கும் உறவுக்காரரும் வருவார்கள். ஒரு துட்டை ஆசைக்கு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் அகப்பட்டால், விற்ற உங்களுக்கும் கரைச்சல்தான்.

ஓட்டைக்காலணா, மே 7, காலை 8.15

வராகன் திருத்தம் சரி, ஏற்றுக்கொள்றன். சேது காசு கதை கேட்டுக் காணியில உலோகம் காட்டுற கருவி கொண்டு தேட வெளிக்கிடுறவையும் இதை வாசிக்க வேணும். அனுமதி இல்லாமல் தோண்டுறது குற்றம். கண்ணிவெடி எடுத்து முடியாத காணியெண்டால் உயிரே போயிடும்.

கனகராயன், மே 9, இரவு 9.45

இனித் தட்டுக் கணக்கு. நூறு காசுக்கு நூறு விலை எழுதினால் வாங்கிற ஆளும் களைச்சிடும், விக்கிற ஆளும் களைச்சிடும். மூண்டு விலை போதும்: 20, 50, 100. எல்லாம் தாளில குடுக்கக்கூடிய விலை, மிச்சம் எண்ணிற கரைச்சல் இல்லை.

20 ரூபாத் தட்டு: அலுமினிய 1 சதம், 2 சதம், இலச்சினை போட்ட 25, 50 சதம், பழைய 1 ரூபா. பெடியள் கையை விட்டு அளைஞ்சு எடுக்கிற தட்டு இது, ஒரு பெரிய எனாமல் தட்டு நல்லது. “100க்கு ஆறு” எண்டு மட்டையில எழுதி வையுங்கோ.

50 ரூபாத் தட்டுத்தான் ஆளை இழுக்கும். மூலைக்காசு, நெளிக்காசு எல்லாத்தையும் அதில சேருங்கோ. சதுர ஐஞ்சு சதம், ஓரம் நெளிஞ்ச 2 சதமும் 10 சதமும், 1976 கூட்டுச்சேரா நாடுகள் மாநாட்டுக் காசு, நாலு மூலை 1987 பத்து ரூபா, நடுவில வேற நிறம் போட்ட 1998 சுதந்திரப் பொன்விழாப் பத்து ரூபா. வட்டக் காசைப் பாத்துப் பழகின பிள்ளை சதுரக் காசைக் கண்டால் கையிலிருந்து கீழ வைக்காது. கடைசி இரண்டையும் 100க்கும் குடுக்கலாம்.

100 ரூபாத் தட்டு: மரம் போட்ட செம்புச் சதம், அரைச்சதம். சனம் பனை எண்டுதான் சொல்லும், அது தாளிப்பனை. ஆண்டு வாசிக்கக்கூடியது மட்டும் 100. வாசிக்கேலாமல் தேஞ்சது 50 ரூபாத் தட்டுக்குப் போகட்டும்.

முப்பது குழி உள்ள முட்டை மட்டை எடுத்து, ஒரு குழிக்கு ஒரு வகை போட்டு வைச்சுப் பாருங்கோ. என்ன வகை எத்தினை கிடக்கு எண்டு ஒரே பார்வையில தெரியும். விக்கேக்கையும் அப்பிடியே வைக்கலாம். கறுப்பு அல்லது கடும்நீலத் துணி விரியுங்கோ, மினுங்கிற துணி வேண்டாம், மினுக்கத்தில காசு தெரியாது. வெய்யில் நேர படாத இடத்தில மேசை போடுங்கோ. மத்தியானம் சுடுகாசைப் பிள்ளையள் தொடமாட்டினம்.

வெள்ளி மூடின கண்ணாடிப் போத்தலில, விக்கிற ஆளின்ர வலதுகைப் பக்கம். கேட்டால் ஒண்டொண்டாய் எடுத்துக் காட்டுங்கோ.

முள்ளியவளை, மே 10, காலை 6.40

2 சதத்தைப் பற்றி ஒண்டு. நெளிஞ்ச 2 சதத்தில 1955, 1957 எண்டு கண்டால் புறம்பாய் எடுங்கோ. எலிசபெத் ராணியின்ர தலை இலங்கையில புழங்கின காசில வந்தது அந்த ஒரு வகையில மட்டும்தான். அருமையான காசு இல்லை, 50 ரூபாவே போதும், ஆனா இந்த விசயத்தைச் சின்ன மட்டையில எழுதிப் பக்கத்தில வைச்சால் முதலில போறது அதுதான். பக்கத்திலயே 1951 காசு ஒண்டும் வையுங்கோ. 1948இல சுதந்திரம் கிடைச்சும் 1951இல ஜோர்ஜ் மன்னர் தலைதான். பள்ளிக்கூடப் பிள்ளையள் இந்தச் சோடியைக் கேட்டு வாங்குவினம்.

பரந்தன்சந்தி, மே 12, இரவு 9.00

மூலைக்காசுக்குள்ள பதினொரு மூலைப் பத்து ரூபா கன கிடக்கு. மாவட்டப் பெயர் போட்டது. இதுவும் சேருமோ?

கனகராயன், மே 12, இரவு 10.10

சேரும், நல்லாய்ச் சேரும்! 2013 எண்டு ஆண்டு போட்டு 25 மாவட்டத்துக்கும் ஒவ்வொண்டாய் வந்த தொடர். இப்பவும் செல்லுபடியாகிற காசு, பஸ்ஸில மிச்சக்காசாய் வரும், அதால விலை ஏத்த ஏலாது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நாலும் 50 ரூபா, மற்றது 30. கிளிநொச்சி 1984இலதான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிஞ்சு தனி மாவட்டமானது. சொந்த மாவட்டத்தின்ர பேர் போட்ட காசுக்கு இஞ்ச எப்பவும் கை நீளும்.

தனிக்காசை விட மட்டை நல்லாய்ப் போகும். தடிச்ச காட்போட்டில காசை வைச்சுப் பென்சிலால சுத்திக் கீறி, 25 ஓட்டை வெட்டி, பின்பக்கம் ஒரு மட்டை ஒட்டி, ஒவ்வொரு ஓட்டைக்குக் கீழயும் மாவட்டப் பெயர் எழுதுங்கோ. வடக்கு ஐஞ்சையும் நிரப்பி 300க்கு விடுங்கோ. வெறும் ஓட்டை இருபதும் மிச்சத்தைத் தேடப்பண்ணும். பசையைக் காசில பூசாதேங்கோ, செலோரேப் ஒட்டவும் வேண்டாம், வெக்கைக்கு உருகிப் பிசுபிசுக்கும்.

ஓட்டைக்காலணா, மே 13, காலை 7.30

போட்டுக் குடுக்கிற பையைப் பற்றியும் யோசியுங்கோ. புத்தகக் கடையில விக்கிற, புது மழைச்சட்டை மணம் மணக்கிற மெத்தென்ற பிளாஸ்ரிக் உறையில செம்புக்காசை வைச்சால், எங்கட வெக்கையில பச்சைப் பசை விடும். சரசரவெண்ட மெல்லிய சிப்லொக் பொலித்தீன் பை பறவாயில்லை. நடுவில கண்ணாடித்தாள் உள்ள சதுர மட்டையில போட்டால் ஸ்ரேப்பிள் கம்பியைக் குறட்டால தட்டையாய் நசிச்சு விடுங்கோ, இல்லாட்டி அடுத்த காசைக் கீறும்.

வளையம் ஒட்டின வெள்ளிக்காசு இருக்கோ பாருங்கோ. ஓரத்தில ஈயம் பத்த வைச்ச தழும்பு தெரியும், அல்லாட்டி மேல ஓட்டை இருக்கும். அரைஞாணிலயோ மாலையிலயோ கோத்தது. அதுக்குச் சேகரிப்பு விலை இல்லை, வெள்ளி நிறை விலை மட்டும்.

வவுனிக்குளம், மே 16, இரவு 8.20

மச்சானின் லட்சக் கதைக்கும் ஒரு பதில் தேவை. “இந்த 5 ரூபாய் இருந்தால் 5 லட்சம்” என்று வரும் வீடியோக்களின் கீழ் ஒரு தொலைபேசி எண் இருக்கும். அழைத்தால் பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு கூரியர் காசு என்று கேட்பார்கள். பழங்காசு வாங்குவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது. காசை வாங்குபவர் உங்களுக்குப் பணம் தருவார். உங்களிடம் பணம் கேட்பவர் காசு வாங்க வந்தவர் அல்லர்.

கனகராயன், மே 28, இரவு 9.30

இன்னும் மூண்டு நாள். சனிக்கிழமைக்கு 20 ரூபாத் தாள் ஒரு முப்பது, 50 ஒரு இருபது, 100 ஒரு இருபது மாத்தி வைச்சிருங்கோ. முதல் ஆளே 5000 தாளை நீட்டும். விடிய ஆறு மணிக்கே ஒருத்தர் வந்து “எல்லாத்துக்கும் சேத்து ஒரு விலை சொல்லுங்கோ” எண்டு கேப்பார். மரியாதையாய்ச் சொல்லுங்கோ, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு மிச்சத்துக்குச் சேத்து விலை பேசலாம், இப்ப தனித்தனி எண்டு. வாங்கிற ஆள் தாற மிச்சக்காசில மாவட்டப் பத்து ரூபா வந்தால் தட்டுக்குத் திருப்பிப் போடுங்கோ.

பிள்ளையளுக்கு விலை பேச விடுங்கோ. 50க்கு 40 கேட்டால் குடுங்கோ. இண்டைக்கு ஒரு சதுரச் சதத்தை வாங்கிக்கொண்டு போற பிள்ளைதான் நாளைக்கு இந்த ரின்னை எல்லாம் காப்பாத்தப்போற ஆள். அதுக்காகத்தான் நான் கிலோக்கணக்கில குடுக்க வேண்டாம் எண்டு இவ்வளவும் எழுதினது.

பரந்தன்சந்தி, யூன் 1, இரவு 8.00

முடிஞ்சுது. மூலைத் தட்டு பத்தரைக்கே காலி. மாவட்ட மட்டை எட்டும் போட்டுது. வெள்ளியில 14 போட்டுது, ஒண்டும் அடிவிலைக்குக் கீழ குடுக்கேல்லை. மரம் போட்ட சதம்தான் பாதிக்கு மேல கிடக்கு. கட்டி இன்னும் தண்ணியில. மிச்சத்தை இரும்புக்காரருக்குக் குடுக்கட்டோ?

முள்ளியவளை, யூன் 1, இரவு 8.25

மரம் போட்டதை ஆண்டு ஆண்டாய்ப் பிரியுங்கோ. தனித்தனியாய் 100க்குப் போகாதது, ஐஞ்சு வேற வேற ஆண்டு ஒரு பையில போட்டு 300 எண்டால் போகும். விக்ரோறியா ஒண்டு, எட்வேர்ட் ஒண்டு, ஐஞ்சாம் ஜோர்ஜ் இரண்டு, ஆறாம் ஜோர்ஜ் ஒண்டு எண்டு கலவுங்கோ. தேஞ்சதைப் பக்கத்துப் பள்ளிக்கூட வரலாற்றுப் பாட ஆசிரியரிட்டக் குடுங்கோ. கொழும்புக்குக் கட்டேக்கை வெள்ளி ஒன்பதையும் செம்போட சேத்துக் கட்டாதேங்கோ. கட்டியை ஈரத்தோட பையில போடாமல் நல்லாய் உலர்த்திக் கடதாசியில சுத்துங்கோ, அங்க போய்த் திரும்ப ஊறவைக்கலாம்.